இரண்டு அட்டவணைகள், நடுவே பாலம் இல்லை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம். பிரிக்ஃபீல்ட்ஸாக இருக்கலாம், கிள்ளானாக இருக்கலாம். வாக்களிப்பு நாள், காலை எட்டு மணி. முதல் வகுப்பறைக் கதவில் ‘சாலுரான் 1’ என்று தாள் ஒட்டியிருக்கிறது. ஊன்றுகோலோடும் பேரப்பிள்ளைகளின் தோளைப் பிடித்தபடியும் பெரியவர்கள் அங்கே நிற்கிறார்கள். தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு முன்னால் முதல்முறை ஓட்டுப் போட வந்த இளையோர். மலேசியாவில் சாலுரான் எனப்படும் வாக்களிப்பு வரிசைகள் வயதுப்படிதான் பிரிக்கப்படுகின்றன.

உள்ளே மூன்று எழுத்தர்கள். முதலாமவர் அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் கோடு போடுகிறார்கள். இரண்டாமவர் இடது சுட்டுவிரலில் மை வைக்கிறார். மூன்றாமவர் சீட்டைத் தருகிறார். தடுப்புக்குப் பின்னால் ஒரு பெருக்கல் குறி, ஒரு மடிப்பு, பிறகு பெட்டி.

வாக்காளருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். அந்தச் சீட்டு எண்ணப்பட்டதா, எண்ணியது ஒழுங்காக எழுதப்பட்டதா, எழுதியது ஒழுங்காகக் கூட்டப்பட்டதா என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கின்றன. வங்கியில் பத்து ரிங்கிட் போட்டால் அடுத்த நொடி கைபேசி சொல்கிறது. அஞ்சலில் அனுப்பிய பொட்டலம் எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்றுகூடப் பார்த்துவிடலாம். நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு வசதி இல்லை? கேள்வி நியாயமானது. பதிலோ கணினி அறிவியல் நாற்பது ஆண்டுக்கு மேலாக மல்லுக்கட்டும் ஒரு சிக்கல்.

ரசீது ஏன் ஆபத்து

வங்கியின் தரவுத்தளத்தில் பெயரும் தொகையும் ஒரே வரியில் இருக்கின்றன. யார் போட்டது, எவ்வளவு போட்டது என்ற இரண்டையும் இணைப்பதுதான் அந்தக் கணக்கின் வேலையே. தேர்தலுக்கு இது நேர்மாறு. அங்கே இரண்டு அட்டவணைகள் வேண்டும். யார் வாக்களித்தார் என்பது ஒன்றில். எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்பது இன்னொன்றில். இரண்டும் துல்லியமாக இருக்க வேண்டும், இரண்டின் மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஒன்றின் ஒரு வரியிலிருந்து மற்றதன் ஒரு வரிக்குப் போகும் பாலம் எங்கேயும் இருக்கக் கூடாது.

பாலம் இருந்தால் என்ன ஆகும்? ‘நீங்கள் இன்னாருக்கு வாக்களித்தீர்கள்’ என்று ஒரு ரசீது கையில் கிடைத்தால், அதைக் காட்டு என்று கேட்க ஆள் வருவார். காசு கொடுத்தவர் கேட்பார், முதலாளி கேட்பார், வீட்டுக்குள்ளேயே ஒருவர் கேட்பார். வேலையும் வீடும் ஒரே துரையின் கையில் இருந்த தோட்டப்புறத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வாக்காளர் தன் ஓட்டுச் சேர்ந்ததைத் தானே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதையே இன்னொருவரிடம் நிரூபிக்க அவராலேயே முடியக் கூடாது. வாக்கைச் சரிபார்க்கத் தரவுத்தளம் கட்டப் புறப்படும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

ஒளிவு மறைவு இல்லாமல் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற யோசனை பழையது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. அது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். ஆனாலும் அதன் விதிகளில் சரிபார்ப்பின் நுணுக்கம் தெரிகிறது. குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடக்கிய கைக்குள் வேறொரு ஓலை இருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்துக்கே இடமில்லாமல் செய்தது விரித்த கை. அதிகாரியை நம்புங்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவர் கையைப் பாருங்கள் என்கிறது.

முதல் அட்டவணை: பெயர்

மலேசியாவில் தேர்தல் பற்றிய நீண்ட சண்டை பெரும்பாலும் முதல் அட்டவணையைச் சுற்றியே நடந்தது. தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே இயக்கம் 2007 நவம்பர் 10 அன்று கோலாலம்பூரில் முதல் பேரணியை நடத்தியது. அம்பிகா சீனிவாசன் தலைமையில் 2011 ஜூலை 9 அன்று இரண்டாவது பேரணி. அப்போது வைத்த எட்டுக் கோரிக்கைகளில் முதலாவது, வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது. அழியா மை இன்னொன்று. அதன் பிறகு அமைந்த நாடாளுமன்றத் தேர்வுக்குழு 2012 ஏப்ரலில் 22 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது.

அதே ஆண்டில் ஓங் கியான் மிங் என்ற அரசியல் ஆய்வாளர் வாக்காளர் பட்டியலை ஒரு தரவுத்தளமாகவே எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டார். இதற்கு அடையாள அட்டை எண் பெரிய உதவி. பன்னிரண்டு இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இந்த எண்ணும் பட்டியலில் உள்ள பாலினமும் முரண்படுகின்றனவா? ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் இரண்டு இடங்களில் வருகின்றனவா? ஒரே வீட்டு முகவரியில் நம்ப முடியாத அளவு பேர் இருக்கிறார்களா? எல்லாம் சாதாரணக் கணினியில் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்விகள்தாம். பட்டியல் மக்கள் கையில் இருந்தால்தான் அவற்றைக் கேட்கவே முடியும் என்பது அந்த முயற்சி தந்த பாடம்.

2019 ஜூலை 16 அன்று நாடாளுமன்றத்தின் மக்களவை வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. தானியங்கிப் பதிவோடு சேர்ந்து அது 2021 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 2018 பொதுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த பட்டியல், 2022 நவம்பர் 19 தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. காஜாங்கை ஒட்டிய பாங்கி தொகுதியில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள்.

பெயர் தானாகச் சேர்ந்தது. முகவரி தானாக மாறவில்லை. அடையாள அட்டையில் எந்த முகவரியோ அந்தத் தொகுதியில்தான் வாக்கு. தோட்டம் வீட்டு மனையாக மாறிப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அடுக்குமாடிக்கு வந்துவிட்டவர், அட்டையில் பழைய முகவரியை விட்டுவைத்திருந்தால் பழைய இடத்துக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் ‘மைஎஸ்பிஆர் செமாக்’ இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தொகுதி, வாக்களிப்பு மையம், சாலுரான் எல்லாம் வரும். சாதாரண வாக்காளர் தானே சரிபார்க்கக்கூடிய முதல் கண்ணி இதுதான், பலர் தேர்தல் நாளன்றுதான் அதைத் தொடுகிறார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இந்த மண்ணிலேயே முதுமை அடைந்த தமிழர்களின் பெயரோ எந்தச் சரிபார்ப்பிலும் வராது. குடியுரிமை இல்லாதவருக்கு அந்த அட்டவணையில் வரி கிடையாது.

மை இந்த அட்டவணையின் காவல்காரன். ஒருவர் ஒருமுறைதான் என்பதை உடம்பிலேயே எழுதுகிறது. உண்மையான தேர்தல் மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கும். அது தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்து, தோல் உதிர்ந்து புதிதாக வளரும்வரை நிற்கும். 2008 தேர்தலுக்காக மை வாங்கப்பட்டது; வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. 2013 மே 5 அன்று முதல்முறையாகப் பொதுத் தேர்தலில் பூசினார்கள். கழுவினால் போய்விடுகிறது என்று அன்றே புகார்கள் குவிந்தன. அதில் இருந்தது உணவுச் சாயம்தான் என்ற விளக்கம் பின்னர் அரசுத் தரப்பிலிருந்தே வந்தது.

இரண்டாவது அட்டவணை: எண்ணிக்கை

வாக்களிப்பு முடிந்ததும் சீட்டுகள் அந்த அறையிலேயே எண்ணப்படுகின்றன. இரண்டு படிவங்கள் இங்கே முக்கியம். படிவம் 13 சீட்டுகளின் வரவுசெலவு: வந்தவை எத்தனை, கொடுத்தவை எத்தனை, கெட்டுப்போனவை எத்தனை, மிச்சம் எத்தனை. படிவம் 14 எண்ணிக்கையின் முடிவு: எந்த வேட்பாளருக்கு எவ்வளவு, செல்லாதவை எவ்வளவு. வாக்களிப்பு மையத் தலைவர் கையெழுத்திட, முகவர்களும் கையெழுத்திட்டுப் பிரதி வாங்கிக்கொள்கிறார்கள். ‘போராங் 14’ என்று மலாய்ப் பெயரிலேயே எல்லாரும் அழைக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் மலேசியத் தேர்தலின் அடிக்கல். மேலே அறிவிக்கப்படும் ஒவ்வொரு கூட்டுத்தொகையும் இப்படிப்பட்ட தாள்களின் மேல்தான் நிற்கிறது.

2018 மே 9, புதன்கிழமை இரவு. முடிவுகள் வரத் தாமதமாகிக்கொண்டே போனது. சில இடங்களில் கையெழுத்திட்ட போராங் 14 தங்கள் முகவர்களுக்குத் தரப்படவில்லை என்று அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணி பகிரங்கமாகப் புகார் சொன்னது. ஆணையத்தின் அறிவிப்பு வருமுன்பே தாங்கள் வென்றுவிட்டதாக அவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? அறைக்கு அறை உட்கார்ந்திருந்த முகவர்கள் அனுப்பிய எண்களைத் தனியாகக் கூட்டிவந்தார்கள். ‘பாக்கா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாக்களிப்பு, எண்ணிக்கை முகவர்களுக்குத் திண்டாக் மலேசியா போன்ற தன்னார்வ அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பயிற்சி தந்து வந்திருந்தன. படிவத்தில் எதைப் பார்க்க வேண்டும், எப்போது ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்று வார இறுதிகளில் உட்கார்ந்து கற்றவர்கள் அவர்கள். அந்த இரவில் நாட்டின் இன்னொரு தரவுத்தளம் அவர்கள் கைபேசிகளில் இருந்தது.

ஒரு தாள் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெட்டாலிங் ஜெயா பக்கத்தில் தாமான் மேடான் சாட்சி. 2023 ஆகஸ்ட் 12 அன்று நடந்த சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 30 வாக்குகள். ஏதோ ஒரு சாலுரானில் ஓர் இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் முடிவே மாறியிருக்கலாம்.

நடுப்பகுதி: உறைக்குள் உறை

பட்டியலைச் சரிபார்க்கலாம், கூட்டலைச் சரிபார்க்கலாம். மடித்த சீட்டு அந்தப் பெட்டியில் மாறாமல் இருந்தது என்பதை? அறையில் இருந்தவர்களின் கண்தான் அதற்குச் சாட்சி. அஞ்சல் வாக்கில் அந்தக் கண்ணும் இல்லை. 2018இல் வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்புக்கும் நடுவே பதினோரு நாள்தான் இருந்தது. வெளிநாட்டில் இருந்த பலருக்குச் சீட்டு கடைசி நேரத்தில் கிடைத்தது. முன்பின் தெரியாத பயணிகள் விமான நிலையங்களில் பிறருடைய உறைகளை வாங்கிக் கோலாலம்பூருக்குச் சுமந்து வந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் தொகுதியில் சேர்ப்பிக்க வேண்டும். எங்கிருந்தோ அனுப்பியவர், தன் உறை சேர்ந்ததா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அஞ்சல் உறையே ஒரு பாடம். சீட்டு ‘அ’ உறைக்குள் போகும். ‘அ’ உறையும் கையெழுத்திட்ட அடையாளப் படிவமும் ‘ஆ’ உறைக்குள் போகும். முதலில் ‘ஆ’வைப் பிரித்து ஆளைச் சரிபார்ப்பார்கள். பெயரில்லாத ‘அ’ உறைகளைத் தனியாகச் சேர்த்துப் பிறகுதான் திறப்பார்கள். 1981இல் டேவிட் சாம் என்ற அமெரிக்கர் இதே யோசனையைக் கணிதமாக்கினார். செய்தியைப் பல அடுக்கு மறையீட்டில், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத குறியீட்டில், பொதிந்து அனுப்புவது; வழியில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஓர் அடுக்கை உரித்து, வரிசையைக் கலைத்து, அடுத்ததற்குக் கொடுப்பது. எல்லாக் கணினிகளும் சேர்ந்து சதி செய்தாலொழிய எந்த உறை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு வழி இன்னும் வியப்பானது: உறையைப் பிரிக்காமலே கூட்டுவது. மாமாக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் கணக்கு. ஒவ்வொருவரும் தன் வாக்கை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டை முதல் அதிகாரியிடமும் மற்றதை இரண்டாம் அதிகாரியிடமும் தருகிறார். முதலாமவர் 37, 64 என்று பிரிக்கிறார். கூட்டினால் 101, அதாவது 01. அடுத்தவர் 52, 48. கூட்டினால் 100, அதாவது 00. மூன்றாமவர் 85, 16, மறுபடி 01. முதல் அதிகாரியிடம் உள்ளவை 37, 52, 85. அவற்றைப் பார்த்து யார் எதற்கு வாக்களித்தார் என்று சொல்லவே முடியாது. அவர் கூட்டுத்தொகை 174, அதாவது 74. இரண்டாமவரின் 64, 48, 16 சேர்ந்து 128, அதாவது 28. 74உம் 28உம் 102, அதாவது 02. ஆம் என்றவர்கள் இரண்டு பேர். விடை சரி, யார் அந்த இருவர் என்பது இரண்டு அதிகாரிகளுக்கும் தெரியாது.

உண்மையான முறைகளில் துண்டுகளுக்குப் பதில் மறையிட்ட வாக்குகள் ஒரு பொதுப் பலகையில், எல்லாரும் பார்க்கும் தரவுத்தளத்தில், வெளியிடப்படுகின்றன. வாக்காளரிடம் ஒரு குறியீடு இருக்கும். பலகையில் அந்தக் குறியீட்டைத் தேடித் தன் உறை அங்கே இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதை அது யாருக்கும் சொல்லாது. ஒருவர் 1க்குப் பதில் 50 என்று எழுதிப் போடாமலிருக்க, உள்ளே 0 அல்லது 1தான் உள்ளது என்பதை மட்டும் காட்டி வேறெதையும் காட்டாத நிரூபணம் ஒன்றும் கூடவே போகும்.

இயந்திரமே பொய்யாக மறையிட்டால்? மறையீட்டு ஆய்வாளர் ஜோஷ் பெனலோ இதற்குச் சொன்ன வழி சந்தையில் பழம் வாங்குவது போன்றது. இயந்திரம் உறையை மூடிய பிறகு வாக்காளர் சொல்கிறார்: ‘போடு’ அல்லது ‘பிரித்துக் காட்டு’. பிரித்துக் காட்டிய உறை செல்லாது, புதிதாக வாக்களிக்க வேண்டும். எது கேட்கப்படும் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டித் தெரியாது. பொய்யான ஒவ்வோர் உறையும் பாதி வாய்ப்பில் பிடிபடும் என்றால், பத்து முறை ஏமாற்றித் தப்பிக்கும் வாய்ப்பு 1,024இல் ஒன்று.

இவை ஏட்டில் நின்றுவிடவில்லை. பென் அடிடா 2008இல் வெளியிட்ட ஹீலியோஸ் மென்பொருளைக் கொண்டு பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009இல் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் டகோமா பார்க் நகராட்சித் தேர்தலில் வாக்காளர்கள் காகிதச் சீட்டிலேயே சிறு குறியீடுகளைக் குறித்துக்கொண்டுபோய் வீட்டில் சரிபார்த்தார்கள். எஸ்டோனியா 2005 முதல் இணைய வாக்கு வாங்குகிறது. 2013 முதல் கைபேசியில் சரிபார்க்க விடுகிறது. யாராவது பக்கத்தில் நின்று மிரட்டினால், பிறகு மறுபடி வாக்களித்து முந்தையதை ரத்து செய்யலாம்.

கணிதமும் தடுக்கி விழும் இடங்கள்

சுவிட்சர்லாந்து ஒரு புதிய இணைய வாக்குமுறையை 2019இல் ஆய்வாளர்களுக்குத் திறந்து காட்டியது. உறைகளைக் கலைக்கும் பகுதியின் நிரூபணத்தில் ஓட்டை இருப்பதைச் சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெஸ்ஸா டீக் மூவரும் கண்டுபிடித்தார்கள். உள்ளிருப்பவர் வாக்குகளை மாற்றிவிட்டு, ‘மாற்றவில்லை’ என்ற நிரூபணத்தையும் தந்துவிடலாம். நிரலைத் திறந்து வைத்ததால் அது தெரிந்தது.

2025 நவம்பரில் நடந்தது இன்னும் நெருடலானது. மறையீட்டு ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் தன் தேர்தலை ஹீலியோஸில் நடத்தியது. முடிவைத் திறக்க மூன்று பேரின் சாவித் துண்டுகளும் சேர வேண்டும். ஒருவர் தன் துண்டைத் தொலைத்துவிட்டார். எல்லா வாக்குகளும் பலகையில் பத்திரமாக இருந்தன, திறக்க வழியில்லை. தேர்தலைத் திரும்ப நடத்தினார்கள், இம்முறை மூவரில் இருவர் போதும் என்ற விதியோடு. இந்தத் துறையின் தலைசிறந்த வல்லுநர்களுக்கே இது நேர்ந்தது என்றால், ஒரு நாட்டின் தேர்தலை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று இயந்திர வாக்கு வழக்கில் ஒரு வரையறை வைத்தது: தேர்தலின் முக்கியமான படிகளைச் சிறப்பு அறிவு எதுவும் இல்லாத குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும். இந்தியா காகிதத்தை இயந்திரத்துக்குள்ளேயே வைத்தது. வாக்காளர் ஏழு நொடி கண்ணாடி வழியே தன் சீட்டைப் பார்க்கிறார். ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து இயந்திரங்களின் சீட்டுகளே எண்ணி ஒப்பிடப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று ஏற்கவில்லை.

கட்ட வேண்டிய தரவுத்தளம்

மலேசியாவிடம் அந்த ஜெர்மானிய வரையறைக்கு மிக நெருங்கி வரும் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: காகிதச் சீட்டு, அறையிலேயே எண்ணிக்கை, கையெழுத்திட்ட தாள். குறை அந்தத் தாள்கள் ஒரே இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, அன்றிரவே சேராததில் இருக்கிறது. சாலுரான் வாரியான எண்களைத் திரட்டும் உழைப்பைப் பெரும்பாலும் கட்சிகளும் தன்னார்வலர்களும்தான் சுமந்து வந்திருக்கிறார்கள்.

தொகுதி அளவில் ஒரு பெரிய வேலை முடிந்திருக்கிறது. தேவேஷ் தேவானந்தன் என்ற தரவு ஆய்வாளர், 1955 முதல் 2025 வரையான மலேசியத் தேர்தல்களின் முடிவுகளை ஒரு திறந்த தொகுப்பாக்கினார். ஏறத்தாழ 10,000 போட்டிகள். ஒரே வேட்பாளர் பல தேர்தல்களில் பல எழுத்துக்கூட்டலில் வந்தாலும் ஒரே அடையாள எண் அவருக்கு. செல்லாத வாக்குகளுக்குத் தனி இடம். கையில் வாங்கப்பட்டுப் பெட்டிக்குத் திரும்பாத சீட்டுகளுக்கும் தனி இடம். எழுபது ஆண்டுகளின் பழைய தாள்களை இப்படி ஒழுங்கில் கொண்டுவர முடிந்தது என்றால், ஒரே இரவின் புதிய தாள்களுக்கு அதைச் செய்வது இயலாத காரியம் அல்ல.

ஒரு சாலுரானுக்கு ஒரு வரி. அதில் போராங் 13, 14 இரண்டின் படம், எண்கள், பதிவேறிய நேரம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணித முத்திரை; படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை வேறாகிவிடும். முகவர் தன் பிரதியைப் படமெடுத்து அதே வரியில் ஏற்ற ஓர் இடம். இரண்டும் ஒத்துப்போகாத வரி சிவப்பாகத் தெரியட்டும். மிகச் சிலரே வாக்களித்த சாலுரானை மட்டும் பக்கத்து வரிசையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். பத்துப் பேர் வரிசையில் பத்தும் ஒரே சின்னத்துக்கு என்றால் அங்கே ரகசியம் போய்விட்டது; வயதுவாரிப் பிரிவினை இருக்கும் நாட்டில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இதில் எங்கும் வாக்காளரின் பெயர் இல்லை, புதிய மறையீடும் இல்லை. கூட்டல் தெரிந்த எவரும் தொகுதியின் மொத்தத்தைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

மறுநாள் காலை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தோசைக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டி பேத்தியிடம் கேட்கலாம், “நேத்து நம்ம ஸ்கூல்ல முதல் ரூம்ல எவ்ளோ விழுந்துச்சு பாரும்மா.” பேத்தி சாலுரான் 1இன் வரியைத் திறந்து எண்களைப் படித்துக் காட்டுவாள். பாட்டியின் சீட்டு அதில் எது என்று இருவருக்கும் தெரியாது. தாளில் இருக்கும் நான்கு கையெழுத்துகளில் ஒன்று, நேற்று அந்த அறையில் பெயர்களைக் கோடிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனுடையது.